தலைகீழாகப் படித்த பட்டியல்

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடை முடிந்ததும் நாங்கள் நாலைந்து பேர் ஒரு பெஞ்சில் உட்காருவது வழக்கம். போன மாதம் ஒரு நாள் பேச்சு வேலையிழப்பு பக்கம் திரும்பியது. நண்பர் ஒருவரின் மகன் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்த்தவன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை கூப்பிட்டு, திங்கள்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"ஏன் என்னைன்னு கேட்டானா?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"கேட்டானாம். லிஸ்டைக் கம்ப்யூட்டர்தான் போட்டுது, எங்க கையில ஒண்ணும் இல்லைன்னு சொன்னாங்களாம்."

நான் அப்போது வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போதுதான் மனதை அரித்தது. கம்ப்யூட்டர் தானாக லிஸ்ட் போடாது. ஒருவர் உட்கார்ந்து, எதை வைத்து வரிசைப்படுத்த வேண்டும், எந்தப் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால்தான் போடும். எனக்கு இது நன்றாகத் தெரியும். அப்படி ஒரு லிஸ்டை 1998ல் நானே போட்டேன். அதில் ஒரு தப்பும் செய்தேன். இத்தனை வருடம் வெளியே சொல்லாமல் இருந்ததை இன்று எழுதிவிடுகிறேன்.

கிண்டியைத் தாண்டி இருந்த ஒரு சிறிய தொழிற்சாலையில் எனக்குக் கணினிப் பிரிவில் வேலை. பிரிவு என்றால் நானும் ஓர் உதவியாளரும்தான். தொழிலாளர்கள் எண்பது பேருக்குச் சற்று மேல். சம்பளப் பட்டியல், பி.எஃப். கணக்கு, ஸ்டோர்ஸ் இருப்பு, இவற்றோடு பணிமூப்புப் பட்டியலும் என் பொறுப்பு. எல்லோரும் 'சீனியாரிட்டி லிஸ்ட்' என்றுதான் சொல்வோம்.

அந்தப் பட்டியலுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. பதவி உயர்வு வந்தால் மேலிருந்து கீழே படிப்பார்கள். முதலில் சேர்ந்தவருக்கு முதல் வாய்ப்பு. ஆட்குறைப்பு வந்தால் கீழிருந்து மேலே படிப்பார்கள்; கடைசியில் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும். அப்படிப் போனவர்களைத் திரும்ப எடுக்கும் காலம் வந்தால் மறுபடியும் மேலிருந்து கீழே. ஆட்களும் தேதிகளும் அதேதான், படிக்கும் திசை மட்டும் காரியத்துக்கு ஏற்ப மாறும்.

இந்த முறை சும்மா வந்துவிடவில்லை. அது வந்த வழியில் நம் அடையாறும் ராயப்பேட்டையும் உண்டு என்பதால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

நூறு வருடங்களுக்கு முன் ஆலையில் ஒருவர் வேலைக்குச் சேர்வதும் நிற்பதும் பெரும்பாலும் மேஸ்திரியின் வாய்ச்சொல்லில் இருந்தது. பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளில் குறைகள் ஏராளம். நடுப்பகல் சாப்பாட்டுக்குக் கொடுத்த நேரம் கை கழுவிச் சாப்பிட்டுத் திரும்பக்கூடப் போதவில்லை என்பது அவற்றில் ஒன்று. செல்வபதி செட்டியார், ராமாஞ்சலு நாயுடு என்ற இருவர் இந்தக் குறைகளை எடுத்துக்கொண்டு போய்ச் சந்தித்த மனிதர் பி.பி.வாடியா. பம்பாய்ப் பார்சி, அடையாறு பிரம்மஞான சபையில் வாழ்ந்தவர், அன்னி பெசன்ட் அம்மையாரோடு 1917ல் காவலில் வைக்கப்பட்டவர். ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியர் வேலையை விட்டுவிட்டு 'தேசபக்தன்' ஆசிரியரான திரு.வி.கல்யாணசுந்தரனாரும் சேர்ந்துகொண்டார். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று இதைத்தான் பலரும் சொல்வார்கள்.

ஆலையை நடத்திய பின்னி கம்பெனி 1920ல் வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் வழக்குப் போட்டது. சென்னை உயர்நீதிமன்றம் தடையுத்தரவு கொடுத்தது. சங்கம் நடத்துவதற்கே பாதுகாப்பு இல்லை என்பது அந்த வழக்கில் ஊருக்குத் தெரிந்தது. அதன் பிறகு எழுந்த கோரிக்கைகளின் பலனாக 1926ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. 1947ல் தொழில் தகராறுச் சட்டம் வந்தது. ஆனால் ஆட்குறைப்பு நடந்தால் யார் போவது என்று அந்தச் சட்டத்தில் முதலில் எதுவும் இல்லை. 1953ல்தான் அதற்கென்று ஓர் அத்தியாயம் சேர்த்தார்கள். அப்போது மத்தியத் தொழிலாளர் அமைச்சர் வி.வி.கிரி. 1937ல் ராஜாஜி அமைச்சரவையில் இதே சென்னையில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர். பின்னால் குடியரசுத் தலைவரானவர். 1980ல் சென்னையிலேயே காலமானார்.

1953ல் சேர்ந்தவற்றில் மூன்று பிரிவுகள் என் கதைக்கு முக்கியம். 25எஃப்: ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவரை அனுப்ப வேண்டுமானால் காரணம் சொல்லி ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் பதினைந்து நாள் சராசரிச் சம்பளம். 25ஜி: ஒரு பிரிவில் ஆள் குறைத்தால், சாதாரணமாக அந்தப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் குறைக்க வேண்டும், வேறு ஒருவரை அனுப்பினால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். 25எச்: மறுபடி ஆள் எடுத்தால், அனுப்பப்பட்டவர்களுக்கு முன்னுரிமை.

இதை எப்படிச் செய்வது என்பதை 1957ல் வந்த மத்திய விதிகள் சொல்கின்றன. விதி 77ன்படி, ஆட்குறைப்புக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னதாக அந்தப் பிரிவின் பணிமூப்புப் பட்டியலை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். இந்த ஏழு நாள் எதற்கு என்று நான் ரொம்ப நாள் யோசித்ததில்லை. சர்க்கார் சம்பிரதாயங்களில் அதுவும் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன்.

இனி என் தொழில் பக்கம் வருகிறேன்.

எழுபதுகளில் நான் கற்றுக்கொண்டது துளை அட்டை வேலை. அண்ணா சாலைப் பக்கம் ஒரு டேட்டா சென்டர். ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. அட்டைக்கு எண்பது பத்தி. அமெரிக்காவில் 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஹெர்மன் ஹாலரித் செய்த இயந்திரத்தின் வம்சம். அட்டைகளை வரிசைப்படுத்தும் சார்ட்டர் ஒரு சுற்றில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிக்கும். அந்தப் பத்தியில் இருக்கும் இலக்கத்தைப் பார்த்து 0 முதல் 9 வரையுள்ள அறைகளில் அட்டையைப் போடும். சேர்ந்த தேதி ஆறு இலக்கம் என்றால் ஆறு சுற்று, அதுவும் வலது கோடி இலக்கத்தில் தொடங்கி இடது நோக்கி. ஒரே தேதியில் சேர்ந்தவர்களைப் பிறந்த தேதிப்படி பிரிக்க வேண்டுமானால் முதலில் பிறந்த தேதிக்கு ஆறு சுற்று, அப்புறம் சேர்ந்த தேதிக்கு ஆறு சுற்று. ஆக மொத்தம் பன்னிரண்டு.

இறங்குவரிசை கேட்டால் இயந்திரத்தில் எதையும் மாற்ற வேண்டாம். 0லிருந்து 9 நோக்கி எடுத்து அடுக்கும் அட்டைகளை 9லிருந்து 0 நோக்கி எடுத்து அடுக்க வேண்டும். அவ்வளவுதான். கை அதற்குப் பழகிவிடும். திசையை மாற்றினால் பன்னிரண்டு சுற்றிலும் மாற்றுவோம். பிறந்த தேதிக்கு ஒரு திசை, சேர்ந்த தேதிக்கு ஒரு திசை என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. தலைகீழ் என்றால் முழுக்கத் தலைகீழ்.

அப்புறம் காலம் மாறியது. ஐபிஎம் 1978ல் இந்தியாவை விட்டுப் போனது. அட்டைகள் போய் டேப் வந்தது, டிஸ்க் வந்தது. தொண்ணூறுகளில் எங்கள் தொழிற்சாலைக்கும் எஸ்க்யூஎல் வந்து சேர்ந்தது.

எஸ்க்யூஎல் என்பது தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கும் மொழி. இதற்கு அடித்தளம் போட்டவர் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட். 1970ல் அவர் எழுதிய கட்டுரையின் கருத்தை எளிமையாகச் சொன்னால், தரவு என்பது ஒரு கூட்டம், அதற்குள் முதல்வர் கடைசியானவர் என்று யாரும் கிடையாது. கபாலி கோயில் குளத்து மீன்களில் எது முதல் மீன் என்று கேட்டால் என்ன சொல்வது? அதே போலத்தான். வெளியே எடுக்கும்போது நாம்தான் வரிசை சொல்ல வேண்டும். 1974ல் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் இருவரும் அந்தக் கருத்துக்கு ஒரு மொழி வடிவம் கொடுத்தார்கள். முதலில் வைத்த பெயர் 'சீக்வெல்'. அந்தப் பெயரை வேறொரு நிறுவனம் பதிவு செய்து வைத்திருந்ததால் எஸ்க்யூஎல் என்று சுருக்கினார்கள். 1986ல் அது அமெரிக்கத் தரமானது, மறு வருடம் உலகத் தரம்.

அதில் வரிசை சொல்லும் வாக்கியம் 'ஆர்டர் பை'. 'சேர்ந்த தேதிப்படி, பிறந்த தேதிப்படி' என்று எழுதினால் இரண்டும் ஏறுவரிசையில் வரும். இறங்குவரிசை வேண்டுமானால் 'டெஸ்க்' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். அந்தச் சொல் எந்தப் பத்திக்குப் பின்னால் நிற்கிறதோ அந்தப் பத்தியை மட்டும்தான் திருப்பும். பக்கத்துப் பத்தி இருந்தபடியே இருக்கும். புத்தகத்தில் தெளிவாகத்தான் போட்டிருந்தது. நானும் படித்தவன்தான்.

1998ல் ஆர்டர்கள் குறைந்தன. பதினான்கு பேரைக் குறைப்பது என்று நிர்வாகம் முடிவு செய்தது. எங்கள் இடத்தில் தொழிலாளர் எண்ணிக்கை நூறுக்குக் கீழே இருந்ததால் இதற்கு அரசின் முன் அனுமதி தேவைப்படவில்லை. பர்சனல் ஆபீசர் என்னைக் கூப்பிட்டார். "சீனியாரிட்டி லிஸ்டைத் திருப்பிப் போட்டு, முதல் பதினாலு பேரை எடுத்துக் கொடுங்க. சாயங்காலம் ஒட்டணும்" என்றார்.

பணிமூப்புக் கேள்வி ஏற்கெனவே எழுதி வைத்திருந்தது. சேர்ந்த தேதி, அது ஒன்றாக இருந்தால் பிறந்த தேதி. ஒரே நாளில் சேர்ந்தவர்களில் வயதில் மூத்தவர்தான் பணியிலும் மூத்தவர் என்று சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் இருந்தது. நான் சேர்ந்த தேதிக்குப் பின்னால் 'டெஸ்க்' சேர்த்தேன். பட்டியல் வந்தது. மேலே கடைசியாகச் சேர்ந்தவர்கள். சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பிறந்த தேதிக்குப் பின்னால் அந்தச் சொல்லைப் போடவில்லை. பழைய சார்ட்டர் பழக்கம், திருப்பினால் முழுக்கத் திரும்பும் என்று கை நம்பிவிட்டது.

பதினான்கில் ஒன்பது பேர் தொண்ணூறுக்குப் பிறகு சேர்ந்தவர்கள். அதில் சிக்கல் இல்லை. மீதி ஐந்து பேரை 1988ல் ஒரே நாளில் சேர்ந்த பதினொரு பேரிலிருந்து எடுக்க வேண்டும். அந்தப் பதினொரு பேரில் இளையவர்கள் ஐவர் வர வேண்டிய இடத்தில், என் பட்டியலில் மூத்தவர்கள் ஐவர் வந்து நின்றார்கள்.

அந்த ஐவரில் ஒருவர் லேத் பிரிவுப் பெரியவர். வயது ஐம்பத்திரண்டு. அதற்கு முன் வேலை பார்த்த ஆலை மூடிவிட்டதால் நாற்பத்திரண்டு வயதில் எங்களிடம் புதிதாகச் சேர்ந்தவர். பழைய ஆலையின் இருபது வருடத்துக்கு எங்கள் பட்டியலில் இடம் கிடையாது. அவர் மூப்பு 1988லிருந்துதான்.

பட்டியலைத் திங்கள் மாலை டைம் ஆபீஸ் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். புதன்கிழமை மத்தியானம் சங்கச் செயலாளர் என் அறைக்கு வந்தார். மந்தைவெளிக்காரர், ஃபிட்டர். கையில் இரண்டு தாள், ஒரு ஸ்டீல் ரூல். பழைய சீனியாரிட்டி லிஸ்டை என் மேஜைமேல் தலைகீழாக வைத்தார். பக்கத்தில் நான் போட்ட பட்டியலின் நகல்.

"சார், கீழேர்ந்து ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கினு வாங்க. ஒம்போது வரைக்கும் ஒத்துப்போவுது. பத்துலேர்ந்து போவல."

ஸ்டீல் ரூலை வரி வரியாக நகர்த்திக் காட்டினார். பத்தாவது வரியில் ஒரு தாளில் ஒரு பெயர், மறு தாளில் வேறு பெயர். எனக்கு வேர்த்துவிட்டது. எங்கே தப்பு என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. அவருக்கு எஸ்க்யூஎல் தெரியாது. ஆனால் ஒரே லிஸ்டைத் திருப்பினால் அதே லிஸ்ட்தான் தலைகீழாக வர வேண்டும் என்பது தெரியும். அது எனக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மாடிக்குப் போய்ப் பர்சனல் ஆபீசரிடம் சொன்னேன். கடிதங்கள் டைப் ஆகிவிட்டன என்று கோபித்துக்கொண்டார். ஆனால் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்ததும் வேறு பேச்சு பேசவில்லை. பட்டியலை எடுத்துவிட்டு, வியாழக்கிழமை திருத்திய பட்டியலை ஒட்டினோம். ஏழு நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

லேத் பெரியவரைப் போய்ப் பார்த்தேன். இரண்டு நாளாக உங்கள் பெயர் போர்டில் இருந்ததே, ஏன் வந்து கேட்கவில்லை என்றேன். "கம்ப்யூட்டர் போட்டதுன்னாங்க சார். அது தப்பா போடுமா? நம்ம கட்டம்னு இருந்துட்டேன்" என்றார்.

இதோடு கதை முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் மூத்தவர் ஐவரை எடுத்த அதே திருத்தம் இளையவர் ஐவரை உள்ளே வைத்தது. அவர்களில் ஒருவன் சைதாப்பேட்டைப் பையன். பையன் என்கிறேன், அப்போது அவனுக்கு முப்பத்தொன்று. முதல் பட்டியலில் பெயர் இல்லை என்று பார்த்துவிட்டு வீட்டில் தைரியம் சொல்லியிருக்கிறான். வியாழக்கிழமை சாயங்காலம் என் அறை வாசலில் வந்து நின்றான்.

"மொதல் லிஸ்ட்ல நான் இல்ல சார். அதுவும் நீங்கதான் போட்டீங்க. இதுவும் நீங்கதான் போட்டீங்க. எது சார் நெஜம்?"

உட்காரச் சொன்னேன். ஒப்பந்தத்தின் நகலை எடுத்து அந்தப் பத்தியைக் காட்டினேன். 1988 சேர்க்கைப் பதிவேட்டில் பதினொரு பேரின் பிறந்த தேதிகளையும் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தான். அவனே எண்ணிப் பார்த்தான். "சரி சார்" என்று எழுந்து போய்விட்டான். என் தப்பினால் அவனுக்கு மூன்று நாள் பொய்யான நம்பிக்கை கொடுத்திருந்தேன். அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? மன்னித்துக்கொள் என்றுகூட அன்று எனக்குச் சொல்ல வரவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் திருத்தி எழுதினேன். இரண்டு திசைக்கு இரண்டு கேள்வி வைத்துக்கொண்டால் ஒன்றைத் திருத்தி மற்றதை மறப்போம். ஒரே கேள்வியில் 'பதவி உயர்வா, ஆட்குறைப்பா' என்று கேட்டு அதற்கேற்ப திசை மாற வேண்டும். இதில் ஒரு தொல்லை உண்டு. எஸ்க்யூஎல் கேள்வியில் தேதியையோ எண்ணையோ வெளியிலிருந்து கொடுக்கலாம். ஏறு, இறங்கு என்ற சொல்லை அப்படிக் கொடுக்க முடியாது. அது வாக்கியத்தின் இலக்கணத்தைச் சேர்ந்தது. அச்சடித்த படிவத்தில் கோடிட்ட இடத்தில் பெயரை நிரப்பலாம், வாக்கியத்தையே மாற்ற முடியாது அல்லவா?

அதனால் தேதிகளை நாள் எண்ணிக்கையாக மாற்றினேன். ஏதோ ஒரு பழைய தேதியிலிருந்து இத்தனையாவது நாள் என்று. பதவி உயர்வு என்றால் அந்த எண்ணை ஒன்றால் பெருக்கு. ஆட்குறைப்பு என்றால் கழித்தல் ஒன்றால் பெருக்கு. கழித்தல் குறி வந்ததும் பெரியது சிறியதாகிவிடும். எப்போதும் ஏறுவரிசைதான் கேட்கிறோம், ஆனால் விடை திரும்பி வரும். சேர்ந்த தேதி, பிறந்த தேதி, கடைசியாக டோக்கன் எண், மூன்றையும் அதே ஒரு குறியால் பெருக்கினேன். ஒன்று திரும்பி ஒன்று திரும்பாமல் நிற்க இனி வழியில்லை. டோக்கன் எண்ணைச் சேர்த்ததற்கும் காரணம் உண்டு. சேர்ந்த நாளும் பிறந்த நாளும் இருவருக்கு ஒன்றாக இருந்தால், யார் முன்னால் வருவது என்பதை இயந்திரம் தன்னிஷ்டத்துக்குத் தரும்; இன்று ஒரு மாதிரி, நாளை ஒரு மாதிரி.

இன்னொரு வழியும் உண்டு. 1992 தரத்தில் 'கேஸ்' என்ற நிபந்தனைச் சொல் சேர்ந்தது. பதவி உயர்வு என்றால் தேதியைக் கொடு என்று ஒரு வரி, அது ஏறுவரிசை. ஆட்குறைப்பு என்றால் தேதியைக் கொடு என்று அடுத்த வரி, அது இறங்குவரிசை. பொருந்தாத வரியில் எல்லோருக்கும் வெற்று மதிப்பு வரும். எல்லோரும் சமம் என்பதால் அந்த வரி யாரையும் நகர்த்தாது, பொருந்தும் வரிதான் வேலை செய்யும். இன்றைய பிள்ளைகள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகிறார்கள். இதிலும் பத்திக்கு இரண்டு வரி எழுத வேண்டும், ஒன்றை மறந்தால் என் கதைதான்.

ஃபிட்டர் கற்றுக்கொடுத்த சோதனையையும் கேள்வியோடு சேர்த்தேன். ஒவ்வொருவருக்கும் மேலிருந்து எண்ணும் வரிசை எண்ணையும் கீழிருந்து எண்ணும் வரிசை எண்ணையும் கூட்டினால், மொத்தத் தலைகளைவிட ஒன்று அதிகமாக வர வேண்டும். எண்பது பேர் என்றால் எல்லோருக்கும் எண்பத்தொன்று. யாருக்காவது வேறு எண் வந்தால் பட்டியல் அச்சாகாது. ஸ்டீல் ரூல் செய்த வேலைதான் இதுவும்.

2000ல் மூன்று இடம் காலியானது. 25எச் பிரிவுப்படி வெளியே போனவர்களுக்கு முன்னுரிமை. விதி 78 ஒரு கணக்கு வைத்திருக்கிறது. வெளியே போனவர்களைவிடக் காலியிடம் குறைவாக இருந்தால், காலியிடத்தைப் போல இரண்டு மடங்கு பேருக்கு, பணிமூப்பில் மேலே இருப்பவர்களிலிருந்து, கடிதம் போட்டால் போதும். ஆறு கடிதம். இந்த முறை ஏறுவரிசை. குறியை ஒன்று என்று கொடுத்தேன். 1988ல் சேர்ந்த ஐவரும் மேலே வந்தார்கள், ஆறாவதாக அவர்களுக்குப் பின் சேர்ந்த ஒருவர். பட்டியலை அனுப்புவதற்கு முன் நானே ஒரு ஸ்டீல் ரூலை வைத்துப் பார்த்தேன்.

கடிதங்கள் ரெஜிஸ்டர் தபாலில் போயின. ஒன்று, முகவரிதாரர் வீடு மாற்றிவிட்டார் என்று திரும்பி வந்தது. சைதாப்பேட்டைப் பையன் வந்தான். இரண்டு வருடம் ஒரு ஆட்டோ ஓட்டியிருந்தான். வேலையும் கிடைத்தது. ஆனால் எங்கள் தொழிற்சாலை வழக்கப்படி அவனுக்குப் புதிய சேர்ந்த தேதி, புதிய டோக்கன் எண். லேத் பெரியவர் நாற்பத்திரண்டில் தொடங்கியதுபோல, பத்து வருடம் இங்கேயே உழைத்தவன் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். பதிவு செய்ய என் அறைக்கு வந்தபோது, "மறுபடி கடைசி சார்" என்று சிரித்தான். 1998ல் சொல்லாததை அன்று சொன்னேன். "அதெல்லாம் விடுங்க சார்" என்றான்.

பெஞ்சு நண்பரின் மகன் விஷயத்துக்கு வருகிறேன். 1947 சட்டம் இருந்த இடத்தில் இப்போது 2020ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. கடைசியில் வந்தவர் முதலில் என்ற முறை அதிலும் தொடர்கிறது. மென்பொருள் கம்பெனியில் வேலை பார்ப்பவர் அந்தச் சட்டப்படி தொழிலாளியா என்பது அவர் செய்த வேலையின் தன்மையைப் பொறுத்தது. அதை நல்ல வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும். அது எனக்குத் தெரிந்த விஷயம் அல்ல. எனக்குத் தெரிந்தது பட்டியல். அவனுடைய கம்பெனி பணிமூப்பைப் பார்க்காமல் மதிப்பெண்ணையோ சம்பளத்தையோ வைத்துக்கூட வரிசைப்படுத்தியிருக்கலாம். சம்பளத்தை இறங்குவரிசையில் வைத்தால் பழைய ஆட்கள் எல்லோரும் மேலே வந்து நிற்பார்கள்.

ஆகவே மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். எந்தப் பத்தியை வைத்து வரிசைப்படுத்தினீர்கள்? எந்தத் திசையில்? இருவர் சமமாக வந்தால் எதை வைத்துப் பிரித்தீர்கள்? கேட்டால் வேலை திரும்பக் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த மூன்றையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார், அவருக்கு விடை தெரியும்.

எங்கள் போர்டில் அந்தப் பட்டியல் ஏழு நாள் தொங்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாளே ஒருவர் ஸ்டீல் ரூலோடு வந்தார். அந்தப் பையனுக்கு வெள்ளிக்கிழமை மாலைக்கும் திங்கள்கிழமைக்கும் நடுவே இரண்டு நாள். பட்டியலை அவன் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. நாளைக் காலை பெஞ்சில் தாளை நண்பரிடம் கொடுக்கப் போகிறேன்.